ரொட்டிப் பதக்கம்: நீண்ட சேவைக்குச் சூட்டப்பட்ட வெள்ளியின் வரலாறு

பிரித்தானியப் படைச் சிப்பாய்களின் பேச்சுமொழியில் ‘ரூட்டி காங்’ என்றொரு சொல் வழங்கியது. ‘காங்’ என்பது அவர்களது கொச்சையில் பதக்கம். ‘ரூட்டி’ வேறொன்றுமில்லை, நம் வீடுகளில் சுடும் ரொட்டிதான். இந்தியப் பாளையங்களில் பல்லாண்டுகள் கிடந்த வெள்ளைச் சிப்பாய்கள் இந்துஸ்தானிச் சொல்லைத் தம் நாவில் ஏற்றிக்கொண்டனர். பதினெட்டு ஆண்டுகள் அரசாங்கத்து ரொட்டியைத் தின்று தீர்த்தவனுக்குக் கிடைக்கும் பதக்கம் என்ற பொருளில், தங்கள் நீண்டகாலச் சேவைப் பதக்கத்துக்கு இப்பெயரை வைத்தனர். இன்னும் குறும்பு மிகுந்தோர், பிடிபடாமல் செய்த குற்றங்களுக்கான பரிசு அது என்றும் சொல்வதுண்டு.

கேலி ஒருபுறம் இருக்கட்டும். பதக்கத்தையும் உணவையும் ஒரே சொல்லில் முடிந்த அந்தச் சிப்பாய்கள், தாம் அறியாமலேயே ஒரு பழைய எண்ணத்தைத் தொட்டுவிட்டனர். உண்ட வீட்டுக்கு உழைத்துத் தீர்ப்பதைத் தமிழில் செஞ்சோற்றுக் கடன் என்கிறோம். உருதுவில் அது ‘நமக் ஹலால்’. தின்ற உப்புக்கு விசுவாசமாயிருத்தல். அதன் எதிர்ச்சொல்லான ‘நமக் ஹராம்’ என்பதைவிடக் கொடிய வசை ஒரு சிப்பாய்க்கு இருந்ததில்லை. ஆனால் இக்கடன் எப்போதும் உண்டவன் பக்கத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. உணவிட்டவன், தன் வாழ்நாளையே கொடுத்த மனிதனுக்குத் திருப்பித் தரவேண்டியது ஏதும் உண்டா? நீண்ட சேவைப் பதக்கங்களின் வரலாற்றை இக்கேள்வியோடு படித்தால்தான் அது நமக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

பிரித்தானியப் படையில் இப்பதக்கம் 1830இல் மன்னர் நான்காம் வில்லியம் காலத்தில் ஏற்படுத்தப்பட்டது. காலாட்படையினர் 21 ஆண்டுகளும் குதிரைப்படையினர் 24 ஆண்டுகளும் குற்றமின்றிப் பணியாற்றியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டே கடற்படைக்கும் நங்கூரம் பொறித்த பதக்கம் ஒன்று வந்தது. 1870இல் இரு படைப்பிரிவினருக்கும் தகுதிக்காலம் 18 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. ரூட்டிக் கணக்கின் பதினெட்டு அங்கிருந்து வந்ததே. வெள்ளியால் ஆன 36 மில்லிமீட்டர் வட்டம்; கருஞ்சிவப்பு நாடா; பின்புறத்தில் ‘நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்கும்’ என்னும் ஆங்கில வாசகம்; விளிம்பில் பெற்றவரின் பெயரும் படைப்பிரிவும்.

அந்த வாசகத்தில் ‘நீண்ட சேவை’ பாதிதான். மறுபாதியான ‘நன்னடத்தை’யில்தான் காரியம் இருந்தது. அக்காலப் படையில் ஒழுங்கு என்பது பெரும்பாலும் சவுக்கின் மறுபெயர். சிறு பிழைக்கும் முதுகுத்தோல் உரியும். படைப்பிரிவுகளில் அத்தண்டனை ஒழிய 1881 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சவுக்கின் மீது பாராளுமன்றத்திலும் வெளியிலும் கண்டனம் பெருகியபோது, அச்சத்தால் ஆள்வதோடு ஆசையாலும் ஆளலாம் என்ற எண்ணம் தலைதூக்கியது. 1830இல் பதக்கம் வந்தது. 1836இல் நன்னடத்தை உடையோருக்கு நாளொன்றுக்கு ஒரு பென்னி கூடுதல் ஊதியமும் சட்டைக்கையில் ஒரு பட்டையும் வந்தன. தண்டனை ஏட்டில் பெயர் ஏறினால் பட்டையும் போகும், பதக்க வாய்ப்பும் போகும். ஏற்கெனவே பெற்ற பதக்கத்தைக்கூடத் திரும்பப் பறிக்க விதி இருந்தது.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். இப்பதக்கம் சிப்பாய்களுக்கும் கீழ்நிலைப் பதவியினருக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. அதிகாரிகளுக்குக் கிடையாது. கனவானாகப் பிறந்தவனின் நடத்தைக்குச் சான்றிதழ் எதற்கு என்பதே உள்ளுறை. சிப்பாயாயிருந்து பின் அதிகாரியான சிலருக்கு 1947இல் கதவு சற்றே திறந்தது. எல்லா அதிகாரிகளுக்கும் அதே பதக்கம் உரியது என்ற முடிவு 2016இல்தான் வந்தது. ஏறத்தாழ 186 ஆண்டுகள்!

இவ்வெண்ணம் ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பும் அன்று. பழைய ரோமாபுரியின் துணைப்படைகளில் 25 ஆண்டுகள் பணிசெய்த அயல்நாட்டு வீரனுக்கு வெண்கலத் தகட்டில் பொறித்த ஓர் ஆவணம் தரப்படும். அது காட்டி அவன் ரோமக் குடியுரிமையைப் பெறலாம். மார்பில் குத்திக்கொள்ளும் உலோகத்தைவிட அது எவ்வளவோ மேல் என்பது எம் கருத்து. பிற்காலத்தில் பிரான்சின் பதினைந்தாம் லூயி 1771இல் நீண்டகால வீரர்களுக்கென ஒரு சின்னத்தை நிறுவினான். இரண்டு வாட்கள் குறுக்கிட்ட முட்டைவடிவ வில்லை. 24 ஆண்டு சேவைக்கு ஒன்று.

அந்த வில்லையைப் பற்றிப் பேசினால் ழான் துரேல் என்னும் மனிதரை விட்டுவிட்டுப் போக முடியாது. 1716இல் துரேன் படைப்பிரிவில் சாதாரணத் துப்பாக்கி வீரராகச் சேர்ந்தவர் அவர். 1733இல் கேல் முற்றுகையில் நெஞ்சில் குண்டு பாய்ந்தது. 1759இல் மிண்டன் போரில் வாள்வெட்டுகள் ஏழு. அவற்றில் ஆறு தலையில். அவ்வளவு நெடுங்காலத்தில் அவர் பெற்ற தண்டனை ஒன்றே ஒன்று என்பர். 1747இல் பெர்கன் ஒப் சூம் கோட்டையில், வாயில் அடைக்கப்பட்டிருந்ததால் அணிவகுப்புக்கு நேரமாகிவிடக் கூடாதே என்று மதிலேறிக் குதித்துவிட்டார், அதற்குத்தான் தண்டனை. பதவி உயர்வு தந்தபோதெல்லாம் மறுத்துவிட்டுச் சிப்பாயாகவே இருந்தார். 24 ஆண்டுக்கு ஒரு வில்லை வீதம் மூன்றாவது வில்லையை 1780களின் இறுதியில் பெற்றார். அப்போது பதினாறாம் லூயி மன்னன் அவரைத் ‘தந்தையே’ என்று விளித்து, உயர்குடியினருக்குரிய புனித லூயி விருது வேண்டுமா, சிப்பாய்களின் வில்லை வேண்டுமா என்று கேட்டானாம். கிழவர் சிப்பாய்களின் வில்லையையே கேட்டு வாங்கினார். அந்த மன்னனின் தலை சில ஆண்டுகளில் கொலைமேடையில் உருண்டது. துரேலோ நெப்போலியன் காலம்வரை வாழ்ந்து, 1804இல் அவனிடமும் லீஜியன் ஆஃப் ஆனர் விருது பெற்று, 1807இல் நூறு வயதைக் கடந்து மறைந்தார். அரசுகள் மாறின, சேவை எண்ணிக்கை மட்டும் அறுபடவில்லை.

அமெரிக்க விடுதலைப் போரில் 1782இல் வாஷிங்டன், மூன்றாண்டு நேர்மையாகப் பணிபுரிந்த சிப்பாய்களின் இடக்கையில் ஒரு துணிப்பட்டையைத் தைக்கச் சொன்னார். பிரஷ்யாவில் 1825இல் 9, 15, 21 ஆண்டுகளுக்கு மூன்று தரங்கள் ஏற்பட்டன. ரஷ்யாவில் 1796இலேயே 20 ஆண்டு பழுதற்ற சேவை செய்த சிப்பாய்க்குப் புனித அன்னா விருதின் சின்னம் ஒன்று தரப்பட்டது. அதைப் பெற்றவன் உடல்தண்டனையிலிருந்து விடுபடுவான். அங்கும் பதக்கத்துக்கு எதிர்த்தட்டில் சவுக்கே நின்றது.

ரஷ்யாவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி நம் வாசகர்களுக்குச் சுவையாயிருக்கும். அங்கே புனித ஜார்ஜ் விருதின் நான்காம் தரம் போர்வீரத்துக்கு மட்டுமின்றி, 1855 வரை 25 ஆண்டு சேவைக்காகவும் அதிகாரிகளுக்கு வழங்கப்பட்டது. அதன் நடுவில் குதிரைமேல் அமர்ந்து ஈட்டியால் பாம்பைக் குத்தும் கிறித்தவப் புனிதர் இருப்பார். காக்கசஸ் மலைநாட்டு முஸ்லிம்கள் ஜார் படையில் பெருகியபோது இது இடராயிற்று. ஆகவே 1844இல் முதலாம் நிக்கலாய், கிறித்தவரல்லாதோருக்கான விருதுகளில் புனிதரின் இடத்தில் இரட்டைத்தலைக் கழுகைப் பொறிக்க ஆணையிட்டான். சமய உணர்வை மதித்த செயல்தான். ஆனால் மலைநாட்டு வீரர்கள் சிலர், ‘எங்களுக்கு ஏன் பறவையைத் தருகிறீர்கள்? குதிரைவீரன் உள்ளதைத் தாருங்கள்’ என்று முறையிட்டதாக ஒரு கதை வழங்குகிறது. அவர்கள் அதில் புனிதரைக் காணவில்லை. தம்மைப் போன்ற ஒரு குதிரைவீரனையே கண்டனர் போலும். 1913இன் புதிய விதிகள் இவ்வேறுபாட்டை நீக்கின.

சேவைக்கு மதிப்பிடுவது பற்றி நம் சொந்த வரலாற்றில் நிகழ்ந்த பெரியதொரு கருத்துமாற்றத்தையும் இங்கே நினைவுகூர்வது பொருத்தம். கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் பைத்துல் மாலில் சேர்ந்ததை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். முந்திவந்து இஸ்லாத்தை ஏற்றவர்களுக்கு அதிகம் தர வேண்டாமா என்று கேட்டோரிடம், அவர்களது முந்துதலுக்கான கூலி அல்லாஹ்விடம் உள்ளது, இதுவோ வாழ்க்கைச் செலவுக்கான பொருள், இதில் சமத்துவமே நன்று என்னும் கருத்தில் விடையளித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் பொறுப்பேற்றபின் வேறு வழியை மேற்கொண்டார்கள். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களோடு நின்று போரிட்டவரையும் அவர்களை எதிர்த்துப் போரிட்டுப் பின்னர் வந்தவரையும் ஒரே தட்டில் வைக்க அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. வீரர்கள், குடும்பத்தார் பெயர்களை எழுதிவைக்கும் திவான் என்னும் பதிவேடு உருவாயிற்று. பத்ரில் பங்குகொண்டோருக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம்; பின்னர் வந்தோருக்குப் படிப்படியாகக் குறைவு. இத்தொகைகளில் வரலாற்றாசிரியரிடையே சிறு வேறுபாடுகள் உண்டு, அடிப்படை ஒன்றே.

திவான் எண்ணியது எத்தனை ஆண்டு உழைத்தாய் என்பதையன்று, எப்போது வந்தாய் என்பதை. துன்பகாலத்தில் வந்தவனுக்கும் வெற்றிக்குப்பின் வந்தவனுக்கும் உள்ள தூரத்தை அது அளந்தது. பின்னாளின் பதக்கங்கள் இவ்வேறுபாட்டை அறவே கவனிப்பதில்லை. பதினெட்டு ஆண்டு பண்டகசாலையில் கணக்கெழுதியவனுக்கும் பதினெட்டு ஆண்டு எல்லையில் நின்றவனுக்கும் ஒரே வெள்ளி. மேலும், செல்வம் பெருகிய தம் இறுதிக்காலத்தில் உமர் (ரலி) அவர்கள், அடுத்த ஆண்டுவரை உயிரோடிருந்தால் பின்னவரையும் முன்னவரோடு சமமாக்கிவிடுவேன் என்று கூறியதாக இமாம் அபூயூசுஃப் தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிவு செய்துள்ளார். தாமே வகுத்த படிநிலையை அவர்களே மறு ஆய்வு செய்ய எண்ணினார்கள் என்பதை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கதையின் கனமான பகுதி இங்கேதான் உள்ளது.

1806 ஜூலை 10. வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைச் சிப்பாய்கள் எழுந்தனர். புதுவகைத் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றிக்குறிகளுக்குத் தடை, தாடிக்குக் கத்தரி என்று படைத்தலைவர் ஜான் கிரடாக் காலத்தில் வந்த ஆணைகள் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருசேரப் புண்படுத்தின. எழுச்சி ஒரே நாளில் குருதியில் மூழ்கடிக்கப்பட்டது. அப்போது மதராஸ் ஆளுநராயிருந்தவர் வில்லியம் பெண்டிங்க். அந்நிகழ்வைக் காரணம் காட்டி அடுத்த ஆண்டு அவரை இலண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. அதே பெண்டிங்க் 1828இல் தலைமை ஆளுநராகத் திரும்பிவந்தார். இந்தியச் சிப்பாய்களுக்கான சவுக்கடியை 1835இல் ஒழித்தவர் அவர்தான். (பின்னால் 1845இல் ஹார்டிங் அதை மீண்டும் கொணர்ந்தார் என்பது வேறு கதை.)

சவுக்கு போன இரண்டாம் ஆண்டில் பதக்கம் வந்தது. 1837இல் ஆக்லண்ட் பிரபு காலத்தில் கம்பெனி இரண்டு விருதுகளை ஒருங்கே அறிவித்தது. ஒன்று போர்வீரத்துக்கு. மற்றொன்று ‘ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா’. சுபேதார், ஜமேதார் முதலிய இந்திய அதிகாரிகளின் நீண்ட, விசுவாசமான, மதிப்புக்குரிய சேவைக்கு. முதல் தரம் பெற்றவர் ‘சர்தார் பகதூர்’ எனப்படுவார். நாளொன்றுக்கு 2 ரூபாய் கூடுதல் படி. இரண்டாம் தரம் ‘பகதூர்’; நாளொன்றுக்கு 1 ரூபாய். ஒரு சிப்பாயின் மாத ஊதியம் 7 ரூபாயாயிருந்த காலத்தில் இது சிறிய தொகையன்று. ஒவ்வொரு தரத்திலும் நூறு பேருக்கு மட்டும் என்று வரம்பும் வைத்தனர். பொன் நட்சத்திரம், கழுத்தில் நாடாவிட்டு அணியப்படும். முதலில் நாடா வான்நீலம். மறு ஆண்டே அதைக் கருஞ்சிவப்பாக மாற்றிவிட்டனர். இந்திய அதிகாரிகள் தலையில் தடவும் எண்ணெய் வெளிர்நிற நாடாவைக் கறைப்படுத்திவிடுகிறது என்பது காரணமாம்! பேரரசின் கௌரவம் எண்ணெய்க்கு அஞ்சி நிறம் மாறிய இந்நிகழ்ச்சி எமக்குப் பலமுறை புன்னகை வரவழைத்ததுண்டு.

ஆனால் ‘பகதூர்’ பட்டம் மறைத்தது என்ன? இந்திய அதிகாரி எவ்வளவு உயர்ந்தாலும் சுபேதார் மேஜருக்கு மேல் போக முடியாது. நாற்பதாண்டு அனுபவமுள்ள சுபேதாரும், கப்பலிலிருந்து நேற்று இறங்கிய வெள்ளைக்கார இளைஞனுக்குக் கீழ்தான். வங்கப் படையில் பதவி உயர்வு பெரும்பாலும் வயதுமூப்பைப் பார்த்தே தரப்பட்டது. ஒருவன் சுபேதாராகும்போது அவன் தாடி நரைத்திருக்கும். மதராஸ் படையில் திறமைக்கு ஓரளவு இடமிருந்தது. ஆயினும் மேல் எல்லை ஒன்றே. மனிதன் ஏறவேண்டிய ஏணியை எடுத்துவிட்டு, அவன் நின்ற படியிலேயே ஒரு நட்சத்திரத்தைத் தொங்கவிட்டனர். இவ்விருதைப் பெற்ற பெரியவர்களின் நேர்மையை நாம் சிறிதும் ஐயுறவில்லை. அவர்களுக்குத் தரப்படாததைப் பற்றியே பேசுகிறோம்.

இருபதே ஆண்டுகளில் அதன் விளைவு தெரிந்தது. பரேலியில் கம்பெனியின் பீரங்கிப் படையில் சுபேதாராயிருந்தவர் பக்த் கான். ஏறக்குறைய நாற்பதாண்டுச் சேவை. முதல் ஆப்கானியப் போரில் பங்குகொண்டவர். நீண்ட சேவை என்பதற்கு இலக்கணமாகக் காட்டத்தக்க மனிதர். 1857 ஜூலைத் தொடக்கத்தில் அவர் பரேலிப் படையோடு டெல்லிக்குள் நுழைந்தார். பகதூர் ஷா ஜஃபர் அவரைப் படைத்தலைவராக்கினார். கம்பெனியிடம் நாற்பதாண்டுகளில் எட்ட முடியாத தலைமை, முதிய மன்னரிடம் சில நாட்களில் கிடைத்தது. செப்டம்பரில் டெல்லி வீழ்ந்தபோது தம்மோடு வந்துவிடுமாறு அவர் ஜஃபரை வேண்டினார். மன்னர் ஹுமாயூன் கல்லறையில் சரணடைந்தார். ஆங்கிலேயர் ஏடுகளில் பக்த் கான் உப்புக்குத் துரோகம் செய்தவர். அந்த உப்புக் கணக்கை யார் முதலில் முறித்தார்கள் என்று அவ்வேடுகள் கேட்கவில்லை.

கம்பெனி ஒழிந்து மகாராணியின் நேராட்சி வந்தபின்னும் விருது தொடர்ந்தது. 1947 வரை வழங்கப்பட்டது. அதிகாரியல்லாத இந்தியச் சிப்பாய்களுக்கு 1888இல்தான் தனியாக நீண்டகாலச் சேவைப் பதக்கம் வந்தது. 20 ஆண்டுப் பணி வேண்டும். வெள்ளைச் சிப்பாய்க்கு 1830, இந்தியச் சிப்பாய்க்கு 1888. ஐந்தாம் ஜார்ஜ் காலத்து இந்தியப் பதக்கங்களில் மன்னர் தலையைச் சுற்றி இலத்தீன் எழுத்தில் ‘கைசரே ஹிந்த்’ என்றிருக்கும். ரோமாபுரியின் சீசர், அரபியில் கைசராகி, பாரசீக வழியே இந்தியா வந்து, மீண்டும் இலத்தீன் எழுத்தில் ஒரு பஞ்சாபி முஸ்லிம் சிப்பாயின் மார்பில் ஏறிய பயணத்தை எண்ணிப் பாருங்கள்.

படைக்கு வெளியே உள்ளோரின் முறை மிகவும் தாமதமாக வந்தது. பிரித்தானியாவில் ஊதியமின்றிக் காவல் பணிக்கு உதவிய சிறப்புக் காவலர்களுக்கு 1919இல் ஒரு பதக்கம் ஏற்பட்டது. 9 ஆண்டு தகுதிக்காலம். போர்க்கால ஆண்டு ஒன்று மூன்றாகக் கணக்கிடப்பட்டது. உமர் (ரலி) அவர்களின் திவானில் இருந்த எண்ணத்தின் சாயல் இங்கே தெரிகிறது: இடர்காலத்து ஓராண்டு, அமைதிக்காலத்து ஓராண்டுக்குச் சமமன்று. முழுநேரக் காவலர்களுக்கு 1951இல் 22 ஆண்டுத் தகுதியோடு பதக்கம் வந்தது. 2010இல் அது 20 ஆண்டானது. தீயணைப்புப் படையினருக்கு 1954. அதுவரை நகராட்சிகளும் தனிச் சங்கங்களும் தத்தம் பதக்கங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஜெர்மானிய விமானங்கள் இலண்டன்மீது தீயைப் பொழிந்த இரவுகளில் குழாயைப் பிடித்து நின்றவர்களுக்கு, அரசு முத்திரையிட்ட பதக்கம் கிடைக்கப் போர் முடிந்து ஒன்பதாண்டு ஆயிற்று.

ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கோ 1996. அதன் பெயரிலேயே ‘அவசரப் பணி’ என்ற சொல் உண்டு. நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துச்சென்று திரும்பக் கொண்டுவிடும் வழக்கமான வண்டிகளின் ஓட்டுநர், இருபதாண்டு ஓட்டினாலும் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றுவிடுகிறார். வாரத்தில் மூன்று நாள் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் முதியவரைக் கேட்டால், அவ்வண்டியின் ஓட்டுநருக்கு எத்தகைய இடம் தருவார் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

விடுதலை பெற்ற இந்தியா பழைய சட்டகத்தைப் பெருமளவு வைத்துக்கொண்டு பெயர்களை மாற்றியது. அதிகாரியல்லாத வீரர்களுக்கான நீண்டகாலச் சேவை, நன்னடத்தைப் பதக்கம் 1957இல் ஏற்பட்டது. அதன்பின் வந்த 9, 20, 30 ஆண்டுச் சேவைப் பதக்கங்கள் பதவி வேறுபாடின்றித் தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒன்றே. பிரித்தானியா 2016இல் வந்தடைந்த இடத்துக்கு இந்தியப் படை அதற்கு முன்பே வந்துவிட்டது, இது பாராட்டத்தக்கது. காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் குடியரசுத் தலைவர் பதக்கங்கள் 1951இல் தொடங்கின. வெவ்வேறு துறைகளுக்கெனக் கிளைத்துப் பெருகிய அவை அண்மையில் நான்கு பதக்கங்களாக ஒருங்கிணைக்கப்பட்டன. காவல், தீயணைப்பு, ஊர்க்காவல், குடிமைப் பாதுகாப்பு, சிறைத்துறை ஆகிய அனைத்தும் இப்போது ஒரே குடையின் கீழ் உள்ளன.

தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி அறிவிக்கப்படும் முதலமைச்சர் பதக்கங்களோடு காவலர்க்கும் தீயணைப்பு வீரர்க்கும் மாதந்தோறும் பதக்கப் படி என்று ஒரு தொகை சேர்கிறது. 1837இன் அந்த ஒரு ரூபாய்ப் படியின் தூரத்து உறவு அது. பதக்கத்தோடு பணம் வருவதைக் குறைவாகப் பேசுவோர் உளர். நாம் அப்படிக் கருதவில்லை. குடும்பத்தை விட்டுப் பெருநாளிலும் பணியில் நின்றவனுக்கு, உலோகத்தைவிட அரிசிக்கடைக் கணக்கைத் தீர்க்கும் தொகை பயனற்றதாகிவிடுமா என்ன? அபூபக்ர் (ரலி) அவர்கள் வாழ்க்கைச் செலவையும் கௌரவத்தையும் பிரித்துப் பார்த்ததன் நுட்பம் இங்கேதான் விளங்குகிறது.

நீண்ட சேவைப் பதக்கத்துக்கு இயல்பிலேயே ஒரு குறை உண்டு. அது உயிரோடு எஞ்சியவனை மட்டுமே எண்ணும். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிக்கீன்’ என்னும் வெடிமருந்துக் கப்பல் தீப்பற்றியது. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்களில் 66 பேர் வெடிப்பில் மாண்டனர். அவர்களுள் பலர் எந்தத் தகுதிக்காலத்தையும் நிறைவு செய்திருக்க மாட்டார்கள். அந்நாளே இன்று நாடெங்கும் தீயணைப்புச் சேவை நாளாக நினைவுகூரப்படுகிறது.

கடைசியாக வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மதராஸ் படையிலும் பின்னர் இந்தியப் படையிலும் நம் முன்னோர் கணிசமாகப் பணிபுரிந்திருக்கிறார்கள். வேலூர், ஆற்காடு வட்டாரங்களின் பழைய வீடுகளில், பாட்டியின் தகரப்பெட்டியில், நிக்காஹ் பதிவுத் தாள்களுக்கும் அறுந்த கொலுசுக்கும் இடையே கறுத்துப்போன வெள்ளி வட்டம் ஒன்று கிடக்கக்கூடும். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இத்தகையவை எடைபோட்டு உருக்கப்படுகின்றன. தட்டானிடம் கொடுப்பதற்குமுன் அதன் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முகப்பில் மன்னரின் தலையும் பட்டமும் பெரிதாக இருக்கும். பெற்றவரின் பெயரோ பக்கவாட்டில், நெல்மணி அளவு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் அமைந்திருப்பது வழக்கம். ஆங்கிலேய எழுத்தர்கள் நம் பெயர்களை விரும்பியபடி எழுதியிருப்பார்கள். ‘ஷேக்’ என்பது நான்கைந்து வடிவங்களில் வரும். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். கறையைப் புளிபோட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும். படித்ததை ஒரு தாளில் எழுதி, பதக்கத்தோடு சேர்த்துத் துணியில் சுற்றி வையுங்கள்.